சனிக்கிழமைத் தாள்கள்

அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. அந்த வீட்டின் விதி அது. பால் கொடுக்கும்போது பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். அந்த இன்னொருவராக இருப்பதற்காகத்தான் என்னை வரவழைத்தார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் வீடு வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில்; அக்காவைக் கட்டிக்கொடுத்தது முதலமடையில், மாந்தோப்புக்குள் இருந்த ஒரு வீட்டில். குழந்தை பிறந்து ஐந்தாவது மாதம் அவள் மாமியார் ஆள் அனுப்பினார். அம்மா என் துணிகளைப் பையில் வைத்தபோது எதற்கென்று சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

அக்காவுக்குப் பதினான்கு வயதில் வலிப்பு தொடங்கியது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. ‘அது வந்துச்சா?’ என்று கேட்பார்கள். ‘வந்துட்டுப் போயிருச்சு’ என்று பதில் வரும். பெண் பார்க்க வந்தவர்களிடம் ‘எப்பவாச்சும் மயக்கம் வருமுங்க’ என்று சொன்னார்கள். அதைப் பொய் என்று சொல்ல முடியாது, உண்மையில் பாதி. கல்யாணமான நான்காவது மாதம் மீதிப் பாதியை மாப்பிள்ளை வீட்டார் நேரில் பார்த்துக்கொண்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் அது வந்தது. காலை ஏழரை மணி இருக்கும். அக்கா பாயில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். தலை இடப்பக்கம் திரும்பியது, யாரோ கூப்பிட்டதைப் போல. நான் குழந்தையை இழுத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் அவளிடமிருந்து அந்தச் சத்தம் வந்தது. அது கத்தல் இல்லை. உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் யாரோ பிழிந்து எடுத்தது போல் ஒரு சத்தம். மாமியார் ஓடிவந்து அவள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியாது. அது நிற்க இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. அரை மணி நேரம் என்று மாமியார் பின்னால் எல்லோரிடமும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. பயத்துக்கு அவ்வளவு நேரம் ஆகும்.

கண் விழித்ததும் அக்கா இரண்டு கேள்விகள் கேட்டாள். எப்போதும் அந்த இரண்டுதான், அதே வரிசையில்.

“குழந்தை எங்க?”

“என்றகிட்டத்தான் இருக்கறான்.”

“ஆரெல்லாம் பாத்தாங்க?”

இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் இருக்க வேண்டும் என்பதற்காகவே நான் வேகமாக வேலை செய்யப் பழகினேன். சத்தம் நின்றதும் குழந்தையைத் தூளியில் போட வேண்டும். அவள் சேலையைச் சரிசெய்து, நனைந்திருந்தால் ஈரத்தை மறைக்க மேலே ஒரு போர்வையைப் போட வேண்டும். வாயோரத்தைத் துடைக்க வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் கதவைத் திறக்கலாம். தோப்பு வேலைக்கு வரும் பெண்கள் தண்ணீர் கேட்டு வரும் சாக்கில் எட்டிப் பார்ப்பார்கள். வாய் நுரை பட்டால் வலிப்பு ஒட்டிக்கொள்ளும் என்று நம்பியவர்கள் அவர்கள். ஆனாலும் பார்க்காமல் போக மாட்டார்கள்.

“பாலு வழியா குழந்தைக்கும் எறங்கீரும்னு சொல்றாங்க” என்றாள் அவர்களில் ஒருத்தி, என் முகத்துக்கு நேராக.

“அப்ப உன்ற வாயி உன்ற புள்ளைக்கு எறங்கீருச்சான்னு பாத்துக்க, போ” என்றார் அக்காவின் மாமியார். வெளியாட்களிடம் அவர் அக்காவை விட்டுக்கொடுத்ததே இல்லை. வீட்டுக்குள் வேறு. அவர் கெட்டவர் இல்லை. குழந்தை அக்காவின் மடியில் இருக்கும் நேரம் முழுக்க அவர் கண் அங்கேயே இருந்தது. நின்றால் கிணற்றடி, உட்கார்ந்தால் அடுப்படி என்று எங்கே இருந்தாலும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். அக்கா அதைக் கவனித்துக்கொண்டே பால் கொடுப்பாள். பார்க்கப்படும் ஒருவரின் தோள் எப்படி இறுகும் என்பதை அந்த வீட்டில்தான் முதலில் கண்டேன்.

மாத்திரை அப்போது புதிது. குழந்தை பிறந்த பிறகு மாமா (அக்காவின் கணவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) அவளைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போய் ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. காகித உறையின் மேல் கம்பவுண்டர் ஊதா மையில் எழுதியிருந்தார்: சாப்பாட்டுக்குப் பின். டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். வலிப்பு வரும் நாளைக் குறித்து வையுங்கள் என்று.

அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டில் தினம் ஒரு தாள் கிழிக்கும் நாள்காட்டி இருந்தது. வலிப்பு வந்த நாளின் தாளை மட்டும் எறியாமல், பின்பக்கம் நேரத்தை எழுதி, ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்தேன். பின்னாளில் முப்பது வருடம் செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை செய்தேன். தேதியும் நேரமும் சரியாக இருந்தால் செய்தி சரியாக இருக்கும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அது எவ்வளவு ஆபத்தான நம்பிக்கை என்று எனக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

தை மாதம் டப்பாவில் பதினோரு தாள்கள் சேர்ந்திருந்தன. ஒரு மதியம் குழந்தை தூங்கும்போது அவற்றைத் தரையில் வரிசையாக வைத்தேன். நாள்காட்டித் தாளில் தேதிக்குக் கீழே கிழமை கொட்டை எழுத்தில் இருக்கும். சனி. சனி. வெள்ளி. சனி. சனி. பதினொன்றில் ஒன்பது சனி. இரண்டு வெள்ளி, அவையும் இரவில் வந்தவை. ஒரு திங்களோ புதனோ இல்லை.

மறுபடி முதலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். எனக்குள் ஏறியதை அப்போது பயம் என்று நினைத்தேன். அதில் பெருமையும் இருந்தது. நான்கு மாதம் ஒரே வீட்டில் இருந்த ஒருவர் கண்ணிலும் படாதது எனக்குக் கிடைத்திருக்கிறது.

அக்காவின் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு தாளாகப் படித்துக் காட்டினேன். ஐந்தாவது ‘சனி’ வந்தபோது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“போதும் அம்மிணி. படிக்காத.”

மறுநாளே மாமாவும் அவர் அம்மாவும் கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு சோசியரிடம் போனார்கள். தாள்களையும் கொண்டுபோனார்கள். சோசியருக்கு ஜாதகம் பார்க்கவே தேவைப்படவில்லை என்று மாமா வந்து சொன்னார். தாள்களைப் பார்த்ததுமே, “எழுதியே கொண்டாந்துட்டீங்களே, இதுக்கு மேல நான் என்ன சொல்ல?” என்றாராம். சனி பிடித்திருக்கிறது. சனிக்கிழமை எள் விளக்கு போட வேண்டும். விரதம் இருக்க வேண்டும்.

அக்கா ஏற்கெனவே வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள். அது எங்கள் அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டது, சீக்கு குணமாகும் வரை என்று. வெள்ளிக்கிழமை பகல் முழுக்க ஒன்றும் கிடையாது. பொழுதோடு விளக்கு வைத்துவிட்டு இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். சோறு மறுநாள்தான். பால் கொடுப்பவள் விரதம் இருக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். “விரதம் இருக்கறதுனாலதான் பாலு கொடுக்கற அளவுக்காச்சும் இருக்கறேன்” என்றாள்.

இப்போது சனிக்கிழமையும் சேர்ந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. அன்றிரவு என்னிடம் சொன்னாள்:

“ஏன் வருதுன்னு தெரியாமத்தான்டி பத்து வருசமாப் பயந்து கெடந்தேன். ஆரு பண்றதுன்னு தெரிஞ்சுட்டா அவன்கூடப் பேசிப் பாக்கலாமல்ல?”

அடுத்த சனிக்கிழமை ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. வீடே லேசானது. மாமியார் எனக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்தது, வழக்கத்தைவிட நீளமாக.

“சனி உட்டுப் போகையில ஒரு ஒதை ஒதைச்சுட்டுத்தான் போவான்” என்றார் மாமியார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழித்து டப்பாவில் போட்டுவிட்டுத் தலையாட்டினேன்.

மூன்றாவது வாரமும் ஞாயிற்றுக்கிழமைதான். காலை ஆறு மணிக்கு வந்தது. நின்றது. அவள் கண் திறக்கவில்லை. குழந்தை எங்கே என்று கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் மறுபடி வந்தது. நின்று, அவள் விழிக்கும் முன்பே மூன்றாவது. உதடு நீலமாக இருந்தது. கடிகாரத்தைப் பார்ப்பதை அன்று விட்டுவிட்டேன்.

தோப்பில் மாங்காய் ஏற்றிக்கொண்டிருந்த லாரிதான் கிடைத்தது. பாதிக் கூடைகளை இறக்கிவிட்டு, வைக்கோலைப் பரப்பி, அவளைப் படுக்க வைத்தார்கள். நானும் மாமாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். லாரி திரும்பும்போது வீட்டு வாசலைப் பார்த்தேன். மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒரு பைக்குள் குழந்தைத் துணிகளை வைத்துக்கொண்டிருந்தாள். கோவிந்தாபுரம் தாண்டும்வரை அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் மாமாவைப் பார்த்தேன். அவர் பார்வையை விலக்கிக்கொண்டார்.

“கொழிஞ்சாம்பாறையில தங்கச்சி ஊட்டுக்கு” என்றார். “அவளும் பால் கொடுக்கறவதான. கொஞ்ச நாளைக்கு.”

வைக்கோலில் கிடந்த அக்காவுக்கு இது கேட்டிருக்காது. கேட்டிருக்காது என்று நம்பினேன்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு வலிப்பு நின்றது. சாயந்திரம், முன்பு மாத்திரை கொடுத்த அதே டாக்டர் வந்தார். வயதானவர், குரலை உயர்த்தாதவர். மாத்திரை கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டார். மாமா உறையைக் கொடுத்தார். டாக்டர் அதை மேசையில் கொட்டி, பேனா முனையால் இரண்டிரண்டாக நகர்த்தினார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து நகர்த்தினார்.

“இத்தனை ஏன் மிச்சம் இருக்கு?”

மாமாவுக்குத் தெரியவில்லை. நான்தான் சொன்னேன். “வெள்ளி, சனி ரெண்டு நாளும் அக்கா விரதமுங்க. அன்னிக்கு மாத்திரை போட மாட்டாங்க.”

“யார் அப்படிச் சொன்னது?”

“நீங்கதானுங்க. சாப்பாட்டுக்குப் பின்னுன்னு கவர்லயே எழுதியிருக்குதுங்களே. அன்னிக்குச் சாப்பாடே இல்லீங்களே.”

அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். ஊதா மை. கண்ணாடியைக் கழற்றினார்.

“விரதம் எப்போதிருந்து?”

“வெள்ளிக்கிழமை கல்யாணத்துல இருந்துங்க. சனிக்கிழமை இப்ப மூணு வாரமா.”

“மாத்திரை ஆரம்பிச்ச பிறகு வலிப்பு எந்தெந்த நாளில் வந்தது?”

சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெள்ளி இரவு. சனி. சனி. விரதம் கூடிய பிறகு ஞாயிறு. எல்லாம் பட்டினி கிடந்த நாளின் வாலில். மாத்திரை வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. விடாமல் போட்ட நாள்களில் ஒன்றுகூட வரவில்லை. போடாத நாளின் இரவிலோ மறுநாளோ வந்தது. நான் சேர்த்த தாள்கள் அத்தனையும் சரி. அவற்றை வைத்து நான் காட்டிய திசை தவறு. என்னால்தான் அவளுக்கு இன்னொரு நாள் மாத்திரை போனது.

“ஒரு வாழைப்பழத்தைத் தின்னுட்டுப் போட்டிருந்தாக்கூடப் போதுமேம்மா” என்றார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை பொழுதோடு அவள் வாழைப்பழம் தின்றுகொண்டுதான் இருந்தாள். நானே உரித்துக் கொடுத்திருக்கிறேன். விரதப் பழத்தை எங்களில் யாரும் சாப்பாடு என்று நினைத்ததில்லை.

மறுநாள் காலை அக்கா விழித்தாள். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது. “குழந்தை எங்க?” என்றாள். இந்தத் தடவை நான் மாமாவைப் பார்த்தேன். மாமா சொன்னார். அவள் அழவில்லை. நெஞ்சில் பால் கட்டிக் கனத்திருந்தது. இரண்டு கையாலும் அதை அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். இரண்டாவது கேள்வியைக் கேட்கவே இல்லை.

அன்று டாக்டர் அவளிடம் தனியாக ஒன்று கேட்டார். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தேன்.

“வர்றதுக்கு முன்னாடி உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?”

அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. நான்கூட. நான் கடிகாரத்தைத்தான் கேட்டிருக்கிறேன்.

“தெரியுமுங்க. பயம் வரும்.”

“வலிப்பு வரப்போகுதுங்கற பயமா?”

“இல்லீங்க. ஒண்ணுமில்லாத ஒரு பயம். வயித்துல இருந்து ஏறும். ரெண்டு மூணு மூச்சு வரைக்கும் இருக்கும். அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது.” சற்று நிறுத்தினாள். “ஆனா டாக்டர், நான் எந்நேரமும் பயந்துட்டுத்தானுங்க இருக்கறேன். இது அந்தப் பயமா, வெறும் பயமான்னு எப்படிங்க தெரியும்?”

டாக்டர் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மாத்திரை ஒருவேளைகூட விடக் கூடாது, பட்டினி கூடாது, தூக்கம் குறையக் கூடாது, ஆண்டவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்றார்.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தோம். தூளி கட்டிய கயிறுகூட அவிழ்க்கப்பட்டிருந்தது. மாமா நடந்ததையெல்லாம் அவர் அம்மாவிடம் சொன்னார். மாமியார் சொன்னார்:

“ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாளு அது வராம இருக்கட்டும். நானே போய்க் குழந்தையக் கொண்டாறேன். நடுவுல ஒருக்கா வந்தாலும் மறுபடி மொதல்ல இருந்து.”

“அத்தை, அது வரைக்கும் அவனப் போய்ப் பாத்துட்டு மட்டும் வரட்டுங்களா?” என்றாள் அக்கா.

“பஸ்ஸுல வந்துருச்சுன்னா?”

அக்கா தலை குனிந்துகொண்டாள்.

வந்தபின் முதல் வெள்ளிக்கிழமை காலை அவள் முன்னால் சோற்றை வைத்தேன். ஒரு கைப்பிடிதான், தயிர் ஊற்றி. அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மூன்று வலிப்பு அடுத்தடுத்து வந்து பிழைத்தவள் ஒரு கவளத்துக்குப் பயந்தாள். இவ்வளவு காலம் காத்த அம்மனுக்குக் கொடுத்த வாக்கு. மீறினால் கோபம் தன்மேல் வராது, கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் குழந்தைமேல் வரும் என்று அவள் நினைத்தாள். அவள் அதைச் சொல்லவில்லை. இடது கை பால் கட்டியிருந்த நெஞ்சிலேயே இருந்தது.

அக்காவின் மாமியார் அடுப்படியிலிருந்து வந்தார். தட்டிலிருந்து ஒரு உருண்டை எடுத்து, மாரியம்மன் படத்துக்கு நேராக நின்று, தன் வாயில் போட்டுக்கொண்டார். அவரும் வெள்ளிக்கிழமை விரதக்காரர்தான், அவர் கணக்கில் முப்பது வருடமாக.

“கோவம் வந்தா மொதல்ல எம்மேல வரட்டும். தின்னு.”

அக்கா தின்றாள். மாத்திரையை விழுங்கினாள். அதற்கப்புறம் வெளியே போய் வாந்தி எடுத்துவிடுவாளோ என்று நான் அவள் பின்னாலேயே போனேன். எடுக்கவில்லை.

நாற்பத்தெட்டு நாள் என்பது சிறியதல்ல. காலையில் அவள் எழுந்து உட்காரும் வரை வீட்டில் யாரும் பேச மாட்டோம். பாத்திரம் கீழே விழுந்தால் மூன்று பேரும் ஒரே சமயத்தில் எழுவோம். அவள் பின்கட்டுக்குப் போனால் நான் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் மொள்ளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் கூப்பிடுவேன். “இருக்கறேன்டி, சாகல” என்று உள்ளிருந்து குரல் வரும். பால் வற்றிவிடக் கூடாது என்று தினம் நான்கு தடவை ஒரு கிண்ணத்தில் பீய்ச்சி வாழை மரத்தடியில் ஊற்றிவிட்டு வருவாள். கிண்ணத்தில் விழும் அளவு வாரத்துக்கு வாரம் குறைந்தது. அதை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

முப்பத்தாறாம் நாள். புதன்கிழமை, காலை பத்து மணியைத் தாண்டி. அக்கா மோர் கடைந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி ஏதோ கேட்டேன். பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். மத்து நின்றிருந்தது. அவள் கண் திறந்திருந்தது, என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தபடி. உதடு லேசாக அசைந்தது, எச்சில் விழுங்குவதைப் போல. எட்டு விநாடி இருக்கலாம், பத்து இருக்கலாம். பிறகு மத்து மறுபடி சுழன்றது.

“என்ன கேட்ட?” என்றாள்.

“ஒண்ணுமில்ல.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். அது வந்துபோனதா, இல்லை, எங்கோ நினைவாக இருந்தாளா, எனக்குத் தெரியாது. மாத்திரை ஒருவேளைகூட விடவில்லை. நான்தான் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் மாமியார் இருந்தார். நான் வாயைத் திறந்தால் முப்பத்தாறு நாளும் போய்விடும், முதலிலிருந்து எண்ண வேண்டும், அதற்குள் கிண்ணத்தில் ஒன்றும் விழாமல் போய்விடும். திறக்காவிட்டால், ஒருநாள் அவள் கையில் குழந்தை இருக்கும்போது அந்தப் பத்து விநாடி வரலாம்.

நான் சொல்லவில்லை. அன்றைய தாளைக் கிழித்தபோது பின்பக்கம் எதுவும் எழுதவில்லை. கசக்கி அடுப்பில் போட்டேன்.

நாற்பத்தொன்பதாம் நாள் மாமியார் சொன்னபடி போய்க் குழந்தையைக் கொண்டுவந்தார். அவனுக்கு ஏறக்குறைய ஒரு வயது. இரண்டு பல் முளைத்திருந்தது. அக்கா பாயில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அவன் பாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினான். அவனுக்கு அவளைத் தெரியவில்லை. அக்கா நீட்டிய கையை மடக்கவே இல்லை. ஒருமணி நேரம் கழித்து, தூக்கக் கலக்கத்தில்தான், அவன் அவளிடம் போனான்.

விதிகள் கொஞ்சம் தளர்ந்தன. பாயில் உட்கார்ந்தபடியே தனியாகப் பால் கொடுக்கலாம். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சொம்பில் மட்டும் தண்ணீர் எடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டலாம். நான் முன்பைவிட நெருக்கமாக உட்கார்ந்தேன். மற்றவர்கள் அவள் கையைப் பார்த்தார்கள். நான் அவள் கண்ணைப் பார்த்தேன். அவள் பேச்சை ஒரு நொடி நிறுத்தினாலும் என் கை குழந்தையை நோக்கிப் போனது. இரண்டு வாரம் இப்படிப் போனது.

ஒருநாள் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“நீ ஊட்டுக்குப் போ.”

“எதுக்கு?”

“நீ பாக்கறயல்ல, அதுல இருந்துதான் எனக்கு இப்பப் பயம் வருது. அத்தை பாத்தாக்கூடத் தாங்கிக்குவேன். நீ பாக்கறது அப்படியில்ல. நீ எதையோ எண்ணிட்டு இருக்கற.”

நான் சொல்லியிருக்கலாம். அந்தப் புதன்கிழமையைச் சொல்லியிருக்கலாம். அவள் குழந்தையின் தலையைத் துவட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“அன்னிக்கு மோர் கடையறப்ப. எனக்குந்தான் தெரியும். பயம் வந்துச்சு, நின்னுருச்சு. எது வெறும் பயம், எது அதுன்னு இப்பக் கொஞ்சம் பிரிச்சுத் தெரியுது. வந்தா மொதல்ல இவனத் தரையில வெக்கணும். அவ்வளவுதான. அதுக்கு நேரம் இருக்குது.”

“இல்லாமப் போச்சுன்னா?”

“அப்ப நீ பக்கத்துல இருந்தாலும் இல்லாமத்தான் போகும்.”

அது சரியல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும். இத்தனை மாதத்தில் நான் எத்தனை தடவை குழந்தையை இழுத்திருக்கிறேன் என்பதும் தெரியும். ஆனால் நான் மறுநாள் கிளம்பினேன்.

மாமா பொள்ளாச்சிக்குப் போயிருந்தார். அக்காவின் மாமியார் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை வருவதாகச் சொன்னார். அப்படி வந்தால் வீட்டில் அக்காவும் குழந்தையும் மட்டும்தான் இருப்பார்கள். தெரிந்துதான் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா வாசலுக்கு வரவில்லை. உள்ளே பாயில் உட்கார்ந்து குழந்தையோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். “போய்ட்டு வா, புள்ள” என்ற குரல் மட்டும் வந்தது. தோப்பு முழுக்கக் காற்று. பத்தடி நடந்ததும் குரல் கேட்கவில்லை. நான் நின்றேன்.

“திரும்பிப் பாக்காத. நட” என்றார் மாமியார்.

பஸ் நிற்கும் இடத்தில் நிழல் இல்லை. நாங்கள் இருவரும் ரோட்டைப் பார்த்து நின்றோம். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவரும் எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பஸ் தூரத்தில் தெரிந்தபோது என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

“எங்கிட்டச் சொல்லாம ஏதாச்சும் வெச்சிருக்கறயா, அம்மிணி?”

“இல்லீங்க, அத்தை.”

அவர் ஒரு தடவை தலையை ஆட்டினார். நம்பினாரா, கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது என்று ஆட்டினாரா, தெரியாது. பையை மேலே ஏற்றிக் கொடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. அதே வெயிலில், தோப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானை நுனியைக் கையில் சுற்றியபடி நின்றிருந்தார். பஸ் கிளம்பி, வளைவில் திரும்பி, மரங்கள் மறைக்கும்வரை அப்படியேதான் நின்றிருந்தார்.